சேராது, ஆகாது, ஒவ்வாது

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு விழாவில் ஓர் உரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, கரிசல் நிலத்துக் கவிதை பற்றியோ யாப்பு பற்றியோ நான் பேசுவேன் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். நான் தலைப்பைச் சொல்லாமல் நாள் கடத்தினேன். அழைப்பிதழில் என் பெயருக்கு எதிரே 'சிறப்புரை' என்று மட்டும் அச்சானதற்கு அதுவே காரணம். நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது தும்மலைப் பற்றி. சிரிக்கிறீர்கள், சிரிக்கத்தான் செய்வீர்கள். தும்மலும் சொறியும் இலக்கிய மேடைக்கு உரிய பொருள்கள் அல்ல என்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன்.

இந்தப் பத்தாண்டுகளாகக் கடைசி வரிசையில், சன்னலை ஒட்டிய நாற்காலியில்தான் நான் உட்கார்ந்து வந்திருக்கிறேன். அதைச் சிலர் செருக்கு என்றார்கள். இடையிடையே எழுந்து வெளியே போவதைப் புகைபிடிக்கும் பழக்கம் என்று சிலர் முடிவு செய்தார்கள். வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்கும் பிள்ளைகளைக் கண்டதும் நான் பின்வாசல் வழியாக வருவதைப் பார்த்துவிட்டு, 'அனிச்சம் வந்துவிட்டதா?' என்று கேட்பதும் என் காதில் விழுந்திருக்கிறது. பெயர் நன்றாகவே இருந்தது. அதனால் மறுப்புச் சொல்லவில்லை.

உண்மை இதுதான். எனக்கு ஊதுபத்தி ஆகாது. பன்னீர் ஆகாது. சம்பங்கி மாலை கழுத்தில் விழுந்தால் பத்து நிமிடத்தில் மூக்கு அடைத்துக் கண் சிவந்து நீர் வடியும். இலக்கியம் படிக்கிறவனுக்கு வரக்கூடாத துன்பம் ஒன்றும் எனக்கு உண்டு: பழைய புத்தகம் ஆகாது. மூடிக் கிடந்த பீரோவைத் திறந்தால், தலைப்பைப் படிப்பதற்கு முன் பதினைந்து தும்மல். இரவில் இளைப்பு. பழம்பதிப்புகளைப் பற்றி நான் எழுதிய கட்டுரைகளில் ஓர் அவசரம் தெரிவதாக நண்பர் ஒருவர் விமர்சித்திருந்தார். நுட்பமான விமர்சகர். அந்த அவசரம் மூச்சுக்கான அவசரம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நம்முடைய தொழில் அதுதானே. 'ஒவ்வாமை' என்பது இன்று மருத்துவக் கலைச்சொல்லாக நிலைத்துவிட்டது. ஒவ்வுதல் என்றால் பொருந்துதல், ஒத்திருத்தல். ஆனால் வீட்டில் யாரும் ஒவ்வாமை என்று பேசுவதில்லை. 'கத்தரிக்காய் எனக்கு ஆகாது', 'கருவாடு சேராது', 'பால் ஒத்துக்கொள்ளாது' என்பார்கள். இந்தச் சொற்களைச் சற்று நின்று கவனியுங்கள். மருமகளும் மாமியாரும் 'சேராது'. பங்காளி 'ஆகாதவன்'. புது ஊர்த் தண்ணீர் 'ஒத்துக்கொள்ளவில்லை'. உடம்புக்கும் பண்டத்துக்கும் இடையிலான பகையை, மனிதருக்குள் நிகழும் பகையின் சொற்களாலேயே நம் மக்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். பண்டத்தைக் கெட்டது என்று சொல்லவில்லை. உடம்பையும் குறை சொல்லவில்லை. இரண்டும் தனித்தனியே நல்லவை, சேர்ந்தால்தான் தொல்லை. திருக்குறளில் 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரம் மருந்தைப் பற்றிப் பேசுவதைவிட உணவைப் பற்றித்தான் மிகுதியாகப் பேசுகிறது. அங்கும் உடலோடு முரண்படாத உணவு என்பதே அடிப்படை.

மேலைநாட்டுச் சொல்லின் பிறப்பும் ஏறத்தாழ இப்படித்தான். வியன்னா நகரக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே 1906-இல் 'அலர்ஜி' என்ற சொல்லைக் கிரேக்க வேர்களிலிருந்து உருவாக்கினார். 'வேறு' என்று ஒரு வேர், 'செயல்' என்று ஒரு வேர். வேறாகச் செயல்படுதல். தடுப்பு மருந்தாக ஏற்றிய குதிரைச் சீரம் முதல் முறை ஒன்றும் செய்யாமல், இரண்டாம் முறை ஏற்றியதும் குழந்தைகள் விரைந்து நோயுறுவதை அவரும் அவருடைய தோழர் பேலா ஷிக்கும் கண்டார்கள். முதற்சந்திப்பு உடம்பை மாற்றிவிடுகிறது. மாறிய உடம்பு அடுத்த முறை வேறாக நடந்துகொள்கிறது என்பது அவர் கண்ட பொருள்.

இதற்குச் சற்று முன்பே ஒரு நாய் இறந்திருந்தது. மொனாக்கோ இளவரசரின் ஆய்வுக் கப்பலில் கடல்வாழ் உயிரிகளின் நஞ்சை ஆராயத் தொடங்கிய சார்ல் ரிஷே, பால் போர்ட்டியே என்ற இருவரும், பாரிசுக்குத் திரும்பி வந்து கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் சிறு அளவில் செலுத்திப் பார்த்தார்கள். முதல் ஊசியை நெப்டியூன் என்ற நாய் நன்றாகவே தாங்கிக்கொண்டது. சில வாரம் கழித்து, பழகிப் போயிருக்கும் என்ற நம்பிக்கையில், மீண்டும் சிறு அளவு செலுத்தினார்கள். அரை மணி நேரத்துக்குள் நாய் இறந்துவிட்டது. பழகப் பழக நஞ்சு முறியும் என்ற நம்பிக்கை அன்று 1902-இல் உடைந்தது. ரிஷேக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் நீதிக்கதைகளும் நாடகங்களும் எழுதியவர் என்பதை இந்த அவையில் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இந்த 'இரண்டாம் முறை' என்பதைக் கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒவ்வாமை என்பது நினைவு. மூளையில் அல்லாமல் குருதியில் எழுதி வைக்கப்பட்ட நினைவு. 1960-களின் பிற்பகுதியில், டென்வரில் இஷிசாகா தம்பதியரும் சுவீடனில் யோஹான்சன், பென்னிக் ஆகியோரும் தனித்தனியே கண்டுபிடித்த 'ஐஜிஇ' என்னும் எதிர்ப்பொருள்தான் அந்த எழுத்து. அது தோலிலும் மூக்கிலும் குடலிலும் உள்ள சில அணுக்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. பழைய ஆள் மறுபடி வாசலுக்கு வந்ததும் அடையாளம் கண்டு கதவைத் திறந்துவிடுகிறது. உள்ளே அடைத்து வைத்திருந்த இஸ்டமின் முதலிய பொருள்கள் வெளியே பாய்கின்றன. அரிப்பு, தடிப்பு, நீர், அடைப்பு எல்லாம் அதன் வேலை. வந்த ஆளோ பெரும்பாலும் அப்பாவி. பூந்துகள், மீன்துண்டு, பூனையின் தோற்பொடி. உடம்பு ஆளைத் தவறாக நினைவு வைத்திருக்கிறது என்பதே இந்த நோய்.

எல்லாமே இவ்வகை அல்ல. ஊதுபத்திப் புகையும் கொசுவர்த்திப் புகையும் என்னைப் படுத்துவது பெரும்பாலும் வெறும் உறுத்தல். எதிர்ப்பொருளுக்கு அதில் வேலையில்லை. பால் செரியாதவர்களுக்குக் குடலில் பாற்சர்க்கரையை உடைக்கும் நொதி குறைவு. தென்னாட்டில் வளர்ந்தவர்கள் பலருக்கு அப்படித்தான். தயிரில் அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் முன்பே தின்றுவிடுவதால், அவர்களில் பலருக்கு மோர் தொல்லை தருவதில்லை. துன்பப்படுகிறவனுக்கு இந்த வேறுபாடு பெரிதில்லை. மருந்து கேட்கப் போகும்போது பெரிது.

என் புத்தகப் பீரோவுக்கு வருகிறேன். வீட்டுத் தூசியில் என்னதான் இருக்கிறது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 1964-ஆம் ஆண்டளவில் நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர்கள், தூசியில் வாழும் எட்டுக்கால் உண்ணி ஒன்றே முதன்மைக் குற்றவாளி என்று காட்டினார்கள். ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளம். நம் உடம்பிலிருந்து உதிரும் தோற்செதில்தான் அதற்கு உணவு. அது கடிப்பதில்லை. அதன் எச்சமே தொல்லை. தலையணையும் மெத்தையும் அதன் நாடு. ஈரக்காற்று அதற்கு விருப்பம். எனவே ஐப்பசி, கார்த்திகை எனக்குக் கொடிய மாதங்கள். பழைய தாளில் படியும் பூஞ்சை வேறு. பீரோவை வெளித்திண்ணையில் வைத்துத் திறப்பது, ஈரத்துணியால் துடைப்பது, தலையணை உறையைக் கொதிநீரில் அலசுவது, மூக்கில் துணி கட்டிக்கொள்வது என்று நாற்பது ஆண்டு வாழ்க்கை போயிற்று. மூக்கில் துணி கட்டியவனை விநோதமாகப் பார்த்த ஊர், 2020-இல் ஒரே வாரத்தில் என் வழிக்கு வந்தது. அந்த ஆண்டின் துயரங்களுக்கிடையே இப்படி நினைத்தது அற்பத்தனந்தான். ஆனாலும் நினைத்தேன்.

மாத்திரையைப் பற்றி ஒரு வாக்குமூலம் தர வேண்டியிருக்கிறது. இஸ்டமினைத் தடுக்கும் மருந்துகளின் வழியை டேனியல் போவே 1937-இல் திறந்துவைத்தார். அந்த வரிசையின் பழைய மாத்திரைகள் மூளைக்குள்ளும் புகுந்து தூக்கத்தைக் கொண்டுவருபவை. நம் ஊரில் அவில் என்று கேட்டு வாங்குவோம். நம் வட்டத்தின் முதற் கவியரங்கில், தலைமைக் கவிஞர் வாசித்துக்கொண்டிருந்தபோது நான் தலை சாய்ந்து உறங்கியதும், அவர் அதன்பின் ஈராண்டு என்னோடு பேசாததும் உங்களுக்குத் தெரியும். அன்று மாலை அவில் போட்டிருந்தேன். கவிதையின் மேல் பழியில்லை. இன்று அவர் முன்வரிசையில் இருப்பதால் இதைப் பொதுவில் பதிவு செய்கிறேன்.

இனிக் கவிஞர்களோடு ஒரு வழக்கு. தென்றலையும் பூந்தாதையும் சேர்த்துப் பாடாத கவிஞர் குறைவு. மூக்கு நோய்க்காரர்களும் பூவைத்தான் சந்தேகிக்கிறார்கள். இரு சாராரும் ஆளை மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள். நிறமும் மணமும் உள்ள பூவின் தாது கனமானது, பிசுபிசுப்பானது. வண்டின் காலில் ஒட்டிப் போவதற்கென்றே ஆனது. காற்றில் நெடுந்தொலைவு போகாது. காற்றை நம்பி வாழும் புல்லும் கீரைச்செடியுந்தான் பொடிப்பொடியாகத் தாதைக் கோடிக்கணக்கில் தூவுகின்றன. யாரும் பாடாத பூக்கள் அவை. மான்செஸ்டரைச் சேர்ந்த சார்ல்ஸ் பிளாக்லி என்ற மருத்துவர், தானே அந்நோயாளி, புல்லின் தாதைத் தன் மூக்கிலும் தோலிலும் இட்டுச் சோதித்தார். காற்றில் எவ்வளவு உயரத்தில் தாது மிதக்கிறது என்று அறியப் பட்டம் விட்டுப் பிடித்தார். அவர் நூல் 1873-இல் வந்தது. நம் சாலையோரத்து வெள்ளைப் பூக்கொத்துச் செடி பார்த்தீனியம், 1950-களின் நடுவில் புனேப் பக்கம் முதலில் கவனிக்கப்பட்டு நாடு முழுதும் பரவியது. அதன் தாது மூக்கையும், இலை தோலையும் ஒருங்கே தாக்கும். களை பறித்த பெண்களின் கழுத்தும் முழங்கையும் காய்ந்து தடித்துப் போவதை நம் கரிசல் காட்டிலேயே பார்க்கலாம்.

அப்படியானால் சம்பங்கி மாலை எனக்கு ஏன் ஆகவில்லை என்று கேட்கலாம். மூக்கருகே வந்துவிட்ட பூவுக்குக் காற்றின் உதவி தேவையில்லை. மணமே சிலருக்கு உறுத்தலாகும். இன்னொரு விடையும் உண்டு. அதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. 1886-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான் மெக்கென்சி என்ற மருத்துவர், ரோசாப்பூவைக் கண்டாலே இளைப்பு வரும் ஒரு பெண்மணியின் முன் காகித ரோசாவைப் பிடித்தார். அவருக்கு அப்படியே நோய் வந்தது. அன்று தொட்டு, 'எல்லாம் மனப்பிரமை' என்பவர்களுக்கு அந்தக் காகிதப்பூ ஒரு கைவாளாகிவிட்டது. என் உறவினர் ஒருவர் அதை எங்கோ படித்துவிட்டு, எனக்குத் தெரியாமல் என் அறையில் ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்துச் சோதித்தார். அன்று இரவு முழுதும் நான் திண்ணையில் உட்கார்ந்து மூச்சு விட்டேன். காகிதப்பூவுக்கும் உடம்பு மறுமொழி தருவது உண்மை. மனமும் மூச்சுக்குழலும் அக்கம்பக்கத்து வீடுகள். அதனால் அசல் பூவின் குற்றம் இல்லாமல் போய்விடாது. அந்தப் பெண்மணி நடிக்கவில்லை என்பதைத்தான் நான் அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

நம் வைத்திய மரபு இவர்களை நம்பியது என்பதைச் சொல்ல வேண்டும். 'கரப்பான் பண்டம்' என்ற வகுப்பையே அது வைத்திருக்கிறது. கத்தரிக்காய், இறால், நண்டு, கருவாடு. சொறி சிரங்குள்ளவனுக்கு முதலில் விலக்கப்படுபவை இவை. நண்டும் இறாலும் உலகெங்கும் ஒவ்வாமைப் பட்டியலில் முன்நிற்பவை. கத்தரிக்காயை வெளியுலகம் அவ்வளவாகச் சந்தேகிக்கவில்லை. பின்னால் மைசூரில் நடந்த ஆய்வுகள் கத்தரிக்காய் ஒவ்வாமை உள்ளவர்களைப் பதிவு செய்தன. இஸ்டமினும் அக்காயில் இயல்பாகவே இருக்கிறது. எங்கள் அம்மா எதையும் படிக்காமலே எனக்குக் கத்தரிக்காய் போடவில்லை. உடம்பெங்கும் திடீரென்று தடித்துச் சிவந்து அரித்தால் 'காணாக்கடி' என்று வேப்பிலையால் தடவுவார். என்ன அழகான சொல்! கடித்தது எது என்று தெரியாத கடி. தோல் மருத்துவர்கள் பெரிய பெயர் சொல்லும் அந்தத் தடிப்புக்கு, பல வேளை அவர்களுக்கும் காரணம் அகப்படுவதில்லை. ஆடாதோடை இலைச் சாறும் எனக்குக் கிடைத்தது. அவ்விலையின் வாசிசின் என்னும் பொருளை அடியொற்றித்தான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்து செய்யப்பட்டது. மரபில் எல்லாம் இருக்கிறது என்று முழங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. அதே வீட்டில் மிருகசீரிடக் கார்த்தி நாளில் என்னை ஹைதராபாத்துக்கு ரயிலேற்றி, மருந்து வைத்த விரால் குஞ்சை உயிரோடு விழுங்கச் செய்தார்கள். மீன் தொண்டைக்குள் இறங்கியது நன்றாக நினைவிருக்கிறது. இளைப்பு அந்த மழைக்கும் வழக்கம்போல் வந்தது.

பெண்கள் பட்டதைத் தனியே சொல்ல வேண்டும். கவரிங் நகையிலும் ஊக்கிலும் உள்ள நிக்கல், காதையும் கழுத்தையும் புண்ணாக்கும். ஒட்டுப்பொட்டின் பசையில் இருக்கும் ஒரு வேதிப்பொருள் சிலருக்கு நெற்றியில் பொட்டளவுக்கு நிறத்தையே போக்கிவிடுகிறது. அந்த வெள்ளைப் புள்ளியை வெண்குட்டம் என்று ஊர் முடிவுகட்டிய வீட்டை நான் அறிவேன். பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். காரணம் பசை என்று தெரிந்துகொள்ள நாலு ஆண்டாயிற்று.

தன் உடம்பையே சோதனைக்கூடமாக்கிய ஒருவரைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், அவர் நம் துறைக்கும் உறவு என்பதால். ஆர்தர் ரான்சம் 1930-இல் எழுதிய 'ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்' என்ற சிறுவர் நாவலில் ரோஜர் என்று ஒரு சிறுவன் வருகிறான். ஏரியில் படகோட்டும் பிள்ளைகளில் இளையவன். அந்தப் பாத்திரத்துக்கு மூலம் ரோஜர் அல்டூன்யன் என்ற உண்மையான சிறுவன்; 1922-இல் பிறந்தவன்; சிரியாவின் அலெப்போ நகரில் மருத்துவமனை நடத்திய குடும்பத்துப் பிள்ளை. இரண்டாம் உலகப்போரில் விமானியாகி, பின்பு மருத்துவராகி, இங்கிலாந்தில் ஒரு மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அவருக்குக் கரப்பானும் ஆஸ்துமாவும் உண்டு. கினிப்பன்றியின் தோற்பொடி ஆகாது. மத்தியதரைக் கடற்பகுதியின் ஒரு மூலிகையில் உள்ள கெல்லின் என்ற பொருளை அடியாக வைத்து வேதியியலார் புதிது புதிதாகச் செய்து கொடுத்த சேர்மங்களை, அவர் விலங்குகளில் சோதித்துத் திருப்தியடையவில்லை. மருந்தை மூச்சில் இழுத்துக்கொள்வார். பிறகு கினிப்பன்றித் தோற்சாற்றை மூச்சில் இழுப்பார். இளைப்பு வருகிறதா என்று அளப்பார். வந்துகொண்டேதான் இருந்தது. எட்டாண்டுகள், பல நூறு தடவை, வேண்டுமென்றே மூச்சுத் திணறினார். 1965-இல் ஒரு சேர்மம் தடுத்தது. அதுதான் குரோமோகிளைக்கேட். பொடியை நெஞ்சுக்குள் சேர்க்க அவரே ஒரு கருவி வடித்தார். உள்ளே சுழலும் சிறு விசிறியை விமான முற்செலுத்தியிலிருந்து எடுத்துக்கொண்டார். 1987-இல் இறந்தார். நாவலில் அந்தச் சிறுவனுக்கு மூச்சு வாங்குவதேயில்லை. மேட்டில் ஏறும்போதும் காற்றை எதிர்த்த பாய்மரம்போல் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டிருப்பான்.

இதுவரை சொன்னதெல்லாம் பீடிகை. நான் இன்று பேச ஒப்புக்கொண்டது 2019 ஆகஸ்டுக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லத்தான்.

அன்று முதல் தொகுப்பு வெளியிட்டிருந்த ஓர் இளங்கவிஞரை வெளியூரிலிருந்து அழைத்திருந்தோம். வழக்கம்போல் தேநீரோடு கடலைமிட்டாய். நம் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2020-இல்தான் என்றாலும், நம் பெருமைக்கு அரசு முத்திரை தேவைப்பட்டதில்லை. தட்டை நீட்டியது நான். 'வேண்டாம் ஐயா, எனக்குக் கடலை ஆகாது' என்றார் அவர். நான் இன்று இவ்வளவு நேரம் வியந்து பேசிய அதே சொல்லை, 'ஆகாது' என்றுதான் சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'எங்க ஊர் மிட்டாயம்மா, இதையா மறுக்கிறது? ஒரு துண்டுதானே, ஒண்ணும் செய்யாது.' முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விருந்தினர், வயதில் இளையவர், பெண். ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

பிறகு கவிதை வாசிக்க எழுந்தார். வாசிக்கும்போது குரல் கம்மியது. நிறுத்தினார். மீண்டும் தொடங்கினார், கம்மியது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று எண்ணி நாம் கைதட்டினோம். நானும் தட்டினேன். உதடு தடித்திருப்பதை, கழுத்தில் செந்தடிப்பு ஏறுவதை முதலில் பார்த்தவர் நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற செவிலியர் அம்மா. 'கைதட்டாதீங்க, வண்டியப் பிடிங்க' என்று அவர் போட்ட சத்தம் இன்னும் இந்தக் கூடத்தில் இருக்கிறது. ஆட்டோவில் பத்து நிமிடம். மருத்துவமனையில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். சில நிமிடங்களில் மூச்சு திரும்பியது. சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும் என்பதால் இரவு முழுதும் வைத்திருந்தார்கள்.

நான் வெளியே பலகையில் உட்கார்ந்திருந்தேன். ஊதுபத்தி சோதனை செய்த உறவினரை நாற்பது ஆண்டாக மன்னிக்காதவன் நான். என் சொல்லை யாரும் நம்பவில்லை என்று கடைசி வரிசையில் உட்கார்ந்து குமைந்தவன் நான். நள்ளிரவில் அவருடைய அம்மா பேருந்தில் வந்து சேர்ந்தார். நான் தயாராக வைத்திருந்த மன்னிப்புச் சொற்களைக் கேட்க அவர் நிற்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: 'சொன்னா யாரு நம்புறா ஐயா? சின்னப் பிள்ளையில நானே நம்பலையே. செல்லம் கொஞ்சுதுன்னு அடிச்சிருக்கேன்.'

அதன்பின் நிலக்கடலையைப் பற்றிப் படித்தேன். இலண்டனில் வாழும் யூதக் குழந்தைகளுக்குக் கடலை ஒவ்வாமை, இசுரேலில் வாழும் குழந்தைகளைவிட ஏறத்தாழ பத்து மடங்கு மிகுதி என்று 2008-இல் கண்டார்கள். இசுரேலில் பால்குடி மறக்கும் முன்பே கடலைத் தின்பண்டம் கொடுக்கும் வழக்கம் உண்டு. இதைச் சோதிக்க 640 குழந்தைகளை இரு குழுவாக்கி, ஒரு குழுவுக்குச் சிறுவயதிலேயே கடலை கொடுத்து, மறுகுழுவுக்கு விலக்கினார்கள். 2015-இல் முடிவு வந்தது. ஐந்து வயதில், விலக்கிய குழுவில் நூற்றுக்கு 17 பேருக்கு ஒவ்வாமை. உண்ட குழுவில் 3 பேருக்கு. அதுவரை மருத்துவர்கள் தந்துவந்த அறிவுரை தலைகீழாயிற்று. நாம் சிறுவயதிலேயே கடலை தின்கிற ஊர்க்காரர்கள், நமக்கு இது வராது என்று சிலர் உடனே சொல்வீர்கள். வந்ததை நான் பார்த்தேன். வந்துவிட்டவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்பதும் முக்கியம். 'கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று பழகு' என்று வீட்டில் சோதித்துப் பார்க்கக் கூடாது. நெப்டியூனை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கவிஞரின் அன்றாடம் எப்படிப்பட்டது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். சட்னியில் தேங்காயோடு கடலை சேர்ந்திருக்கலாம். செக்கில் ஆட்டிய கடலையெண்ணெயில் புரதம் தங்கியிருக்கும். வேர்க்கடலை என்று ஓரூரில், நிலக்கடலை என்று இன்னோரூரில், வடக்கே போனால் மல்லாட்டை என்று கேட்க வேண்டும். திருமண வீட்டில் பந்தியில் உட்காரும் முன் சமையற்கட்டுக்குப் போய் விசாரிப்பார். 'ரொம்பத்தான் ஆசாரம்' என்று காதுபடப் பேசுவார்கள். சாதி பார்க்கிறார் என்றுகூட ஒரு வீட்டில் வருத்தப்பட்டார்களாம். கைப்பையில் ஊசிமருந்தும், அதைப் போட வேண்டிய முறையை எழுதிய தாளும் இருக்கின்றன. தாளில் எழுத்து பெரிதாக இருக்கிறது, மற்றவர் படிப்பதற்காக.

2022-இல் அவர் இந்த ஊருக்கே பணிமாறி வந்தார். நம் வட்டத்தில் உறுப்பினரானார். இந்த உரையை அவரிடம் முன்பே படித்துக் காட்டி இசைவு பெற்றேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னார். நான் 'முதற்கவிதையை வாசிக்கும்போது குரல் கம்மியது' என்று எழுதியிருந்தேன். இரண்டாவது கவிதையாம். முதற்கவிதை முழுதும் நன்றாகத்தான் போயிற்றாம்.

தேநீர் மேசைக்குப் பக்கத்தில் சிறு கரும்பலகை வைத்து, அன்றைய பண்டத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று மூன்று ஆண்டுகளாக எழுதி வருகிறோம். யாருக்கு எது ஆகாது என்பதைச் செயலாளர் ஒரு குறிப்பேட்டில் வைத்திருக்கிறார். இன்றைய விழாவுக்கு எள்ளுருண்டை என்று முடிவு செய்திருந்தோம். போன வாரம் அந்தக் கவிஞரே செயலாளரைத் தொலைபேசியில் அழைத்து, 'எள்ளு எனக்குச் சேரும், ஆனால் குறிப்பேட்டைப் பாருங்கள்' என்றிருக்கிறார். பார்த்ததில் ஒருவருக்கு ஆகாது. எனவே இன்று வாழைப்பழமும் சுக்குக்காப்பியும். ஏமாற்றமடைந்தவர்கள் கடைத்தெருவில் எள்ளுருண்டை வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் போய்த் தின்னுங்கள்.

என் கழுத்தில் கிடக்கும் துண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாலை வேண்டாம் என்றதும் கைத்தறித் துண்டு போட்டார்கள். புதுத்துணியின் கஞ்சி நெடி எனக்குத் தும்மல் தரும் என்று, செயலாளர் வீட்டில் இரண்டு முறை அலசிக் காயவைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். சற்றுச் சுருங்கியிருக்கிறது.

அடுத்துக் கவிதை வாசிப்பு. அன்று பாதியில் நின்ற கவிதையை அவர் வாசிப்பார் என்று எதிர்பார்த்தேன். அது பழையதாகிவிட்டது, புதிதாக எழுதியதைத்தான் வாசிப்பேன் என்கிறார். சன்னல் நாற்காலியை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். நான் முன்னால் உட்கார்ந்து கேட்கப் போகிறேன்.